வினிஃப்ரெட் ஓட்டும் கார்

பிப்ரவரி 6, 2024. மாசாய்.

பக்கவாதம் வந்து என் இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து கார் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. கிளச்சை மிதிக்கக் காலில் வலுவில்லை. சிங்கப்பூரிலிருந்து எல்வின் போன் செய்தான். "வித்துடுங்கப்பா. அந்தப் பழைய வண்டிய இனி யாரு ஓட்டப் போறா?"

என் மனைவி வினிஃப்ரெட் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "நான்தான் ஓட்டுவேன்."

கல்யாணத்துக்கு முன்பு எடுத்த லைசென்ஸ். ஒருநாளும் ஓட்டியதில்லை, ஆனால் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறாள். எதற்காக? இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 11

மாதா கோயில் கார் நிறுத்துமிடத்தில் பழகினாள். கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி குலுங்கி நின்றது. நான் கத்திவிட்டேன்.

"நீங்க இறங்கி நில்லுங்க. நான் பாத்துக்குறேன்."

இறங்கி நின்றேன். வெயிலில் சுற்றிச் சுற்றி வந்தாள். விடவே இல்லை.

மார்ச் 2

மெக்கானிக் ஹேமநாதன் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வருவதில்லை இவள். பக்கத்திலேயே நின்று, இது என்ன, அது ஏன் என்று கேட்கிறாள். இப்போது தினமும் காலையில் பானெட்டைத் திறந்து ஆயிலும் தண்ணீரும் பார்த்த பிறகுதான் சாவியைப் போடுகிறாள். நான் இப்படிப் பார்த்துக்கொண்டதுண்டா?

மார்ச் 19

தெப்ராவ் நெடுஞ்சாலை நெரிசலில் இன்று ஒரு தடவைகூட வண்டி குலுங்கி நிற்கவில்லை!

ஏப்ரல் 23

லாயாங் லாயாங் ஊரில் என் அக்கா தவறிவிட்டார். மதியம் அடக்கம்.

கூலாயைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ரோட்டில், சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினாள். எனக்குப் பதற்றம் — அக்கா முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேனா? "ரேடியேட்டர் மூடியத் திறந்து தண்ணி ஊத்து!" என்றேன்.

"தொடாதீங்க! இந்தச் சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துடும்."

ஆறும்வரை காத்திருந்தாள். ரேடியேட்டரின் ரப்பர் குழாய் நுனியில் கிழிந்திருந்தது. பழம் வெட்டும் கத்தியால் கிழிந்த துண்டை அறுத்தெறிந்து, மிச்சத்தை இழுத்துச் சொருகி, குழாயைக் கவ்வும் வளையத்தின் திருகைக் கத்தி நுனியால் முறுக்கி இறுக்கினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினாள்.

"போய்ச் சேரும்வரை தாங்குமா?"

"தாங்கும். ஏறுங்க."

சவப்பெட்டியை மூடுவதற்குள் போய்விட்டோம். அக்காவைப் பார்த்துவிட்டேன். அழுதேன். ஜெபம் நடக்கும்போது திரும்பினால், வெள்ளைச் சேலையில் கரியோடு நிற்கிறாள் வினிஃப்ரெட். துடைக்கக்கூட இல்லை. என்ன மனுஷி இவள்!

ஏப்ரல் 25

ஹேமநாதன் புதுக் குழாய் மாட்டினார். "நானா இருந்தாலும் அந்த இடத்துல இதத்தான் அண்ணே செஞ்சிருப்பேன்." எல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம அம்மாவா?" என்றான்.

ஜூன் 9

பக்கத்து வீட்டு அங்கம்மாவின் கார் காலையில் கிளம்பவில்லை. எங்கள் கேட்டைத் தட்டினார். பழக்கத்தில் நான்தான் எழுந்து, மெல்லக் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வினிஃப்ரெட் அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க," என்று வழிவிட்டேன்.