சப்பாத்துக்குள் சொக்கிலேற்

29.11.94, செவ்வாய்

மழை. நாலாவது நாள். துவைத்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம். என் மனுசன் ஜோசப் வேலைக்குப் போகமுன் ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாசித்தார். சாரம் இதுதான். மாடிப்படியில் சப்பாத்து வைக்கக் கூடாது. குடியிருக்கிற ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார். தொடர்ந்தால் நாங்கள் கேட்ட உறுதிக் கடிதத்தைத் தருவது பற்றி யோசிக்க வேண்டி வரும்.

உறுதிக் கடிதம் என்றால், இந்த இரண்டு அறைக்குள் மூன்று பேர் இருக்கலாம் என்று நிர்வாகம் எழுதித் தருவது. அது இல்லாமல் வெளிநாட்டவர் கந்தோரில் மகள் டிலானியின் விசா அலுவல் நகராது. டெர்மின், கந்தோரில் எங்களைக் கூப்பிட்டிருக்கிற நாள், 15ஆம் திகதி. இன்னும் பதினாறு நாள்.

டிலானிக்கு ஏழு வயது. கொழும்பில் என் தங்கச்சியோடு. விட்டுவிட்டு வரும்போது நாலு.

முறைப்பாடு செய்தது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மூன்றாம் மாடியில் இரண்டே கதவு. ஒன்று எங்களுடையது. மற்றது எதிர்வீட்டுக்காரியுடையது. (இனி எ.வீ. பெயர் எழுத மனமில்லை.) கிழவி, தனிக்கட்டை, கைத்தடி. படியில் கண்டால் மூக்கை உறிஞ்சுவாள். கறி மணமாம்.

ஜோ. சொல்கிறார், சளித் தடிமனாக இருக்கலாம் என்று. இந்த மனுசனுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

1.12, வியாழன்

சப்பாத்தெல்லாம் உள்ளே. பேப்பர் விரித்து, அதன்மேல். வாசலுக்கு நேரே மாதா படம். மாதாவுக்கு முன்னால் சேற்றுச் சப்பாத்து. ஊரில் என்றால் அடி விழும்.

வாங்க: உப்பு, செத்தல் மிளகாய் (தமிழ்க் கடை), ஜோ.வுக்குக் காலுறை, முத்திரை 2.

இன்று தபால் பெட்டி திறந்திருந்தது. நான் பூட்டினேன். நிச்சயம் பூட்டினேன். எ.வீ.யின் பெட்டி எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில். தங்கச்சியின் கடிதம் இந்த மாதம் இன்னும் வரவில்லை. அவள்தான் என்று சொல்லவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

4.12, ஞாயிறு

தமிழ்ப் பூசை. மாதத்தில் ஒரு தரம், பூசை வைக்கிற சுவாமி வேறு ஊரிலிருந்து ரயிலில் வருவார். குளிர்கோட்டோடு ஐம்பது பேர். கோவில் சூடாக்கி வேலை செய்யவில்லை.

பிரசங்கம் ஆண்டவரின் வாக்குறுதிகளைப் பற்றி. அவர் சொன்னதைச் செய்கிறவராம், நாங்கள்தான் பொறுமையில்லாதவர்களாம். எனக்குப் பொறுமை இருக்கிறது. கந்தோரும் வாக்குத் தந்தது, ஆறு மாதத்தில் முடியும் என்று. இது மூன்றாவது ஆறு மாதம். ஆண்டவர் அதைவிடக் கெட்டிக்காரர், திகதியே சொல்வதில்லை.

பிறகு சுவாமி எல்லாருக்கும் வேலை கொடுத்தார். 25ஆம் திகதி நத்தாருக்கு முன் ஒவ்வொரு வீடும் தமிழர் இல்லாத ஒரு கதவைத் தட்ட வேண்டும். பலகாரம் கொண்டுபோகலாம், சும்மாவும் போகலாம். அன்பு என்பது கதவுக்கு வெளியே தொடங்குகிற விஷயமாம். வெளியே வந்ததும் மன்னார்க்கார அக்கா என் காதுக்குள், "சுவாமிக்கு என்ன, அவர் ரயிலேறிப் போயிடுவார். தட்டிப்போட்டு நாங்களெல்லோ நிக்கவேணும்" என்றா. இந்த நகரத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவதான்.

கோவில் மண்டபத்தில் பழைய உடுப்பு கொடுத்தார்கள். சிவப்பு நிறத்தில் சின்னப் பூட்ஸ் ஒரு சோடி. அளவு 30. தங்கச்சி அனுப்பிய கால் அளவு 29. வருகிறபோது சரியாக இருக்கும். எடுத்துக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். இலவசம்தான், ஏன் ஒளித்தேன் தெரியவில்லை.

5.12, திங்கள்

பூட்ஸைக் கழுவினேன். உள்ளே பஞ்சுத்துணி, ஊறிப்போய்விட்டது. குளியலறை முழுக்க ஈர உடுப்பு. படிக்கட்டு ஜன்னலுக்குக் கீழே சூடாக்கி இருக்கிறது, எங்கள் கதவுக்குப் பக்கத்தில். அங்கே வைத்தேன். இன்று ஒருநாள்தானே. யாரும் தடக்கி விழுகிற அளவும் இல்லை, கோழிக்குஞ்சு மாதிரி இரண்டு.

6.12, செவ்வாய்

இதை எழுதாமல் படுக்க முடியாது.

காலை வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். டிலானியின் பூட்ஸுக்குள் சாப்பாட்டுச் சாமான். இரண்டு சின்னத் தோடம்பழம், கோதோடு வாதுமைக்கொட்டை, சிவப்புத் தாள் சுற்றிய சொக்கிலேற்.

சப்பாத்துக்குள் சாப்பாடு. நாய்க்குக்கூட இப்படிப் போடுவதில்லை, அதற்கும் ஒரு சட்டி இருக்கும்.

ஜோ.வை எழுப்பினேன். அவர் சொக்கிலேற்றை மணந்து பார்த்து, நல்ல சொக்கிலேற் என்றார். பறித்தேன். என்ன கலந்திருக்கோ. வெளிநாட்டுக்காரரின் வீடுகளுக்கு நெருப்பு வைக்கிற காலம் இது. "நீர் ஏன் எல்லாத்தையும் கோணலாப் பாக்கிறீர்" என்று ஒரு கேள்வி வேறு. நான் கோணலாகப் பார்ப்பதால்தான் இந்தக் குடும்பம் நேராக நிற்கிறது.

விஷயம் தெளிவு. முறைப்பாடு செய்தாள். சப்பாத்தைத் திரும்பவும் கண்டாள். இது எச்சரிக்கை. எங்களுக்குப் பிள்ளை இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னது? ஒருவரும் இல்லை. அப்படியென்றால் தபால் பெட்டி.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். அகராதி பார்த்து ஜெர்மனில் துண்டு எழுதினேன்: நாங்கள் நாய்கள் அல்ல. பையைக் கட்டி அவளுடைய கதவுப்பிடியில் தொங்கவிட்டேன். வேலைக்கு இருபது நிமிஷம் பிந்திப் போனேன். மேற்பார்வைக்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

7.12, புதன்

வெட்கம். எழுதவே கூசுகிறது.

முதியோர் இல்லத்தில் என்னோடு கூட்டித் துடைக்கிற துருக்கிக்காரி அய்செல். இடைவேளையில் நடந்ததைச் சொன்னேன், அவளும் கோபப்படட்டும் என்று. அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். இது நிக்கோலாஸ் திருநாளாம். டிசம்பர் ஐந்து பின்னேரம் பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்துக் கதவடியில் வைப்பார்களாம். விடிய அதற்குள் பழமும் கொட்டையும் சொக்கிலேற்றும் இருக்குமாம். தன் பிள்ளைகளுக்குத் தானும் வைப்பாளாம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அழுவார்களாம்.

"உங்கடை சமயத்துப் பெரியவர்தானே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

நிக்கோலாஸ் புனிதரைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் சப்பாத்துப் பக்கம் போனதில்லை. இங்கே வந்து இரண்டு வருடம் அகதி முகாம், அங்கே ஜெர்மன்காரர் என்றால் காவலாளி மட்டும். யார் சொல்லித் தருவது?

கழுவித் துடைத்து, ஐந்தாம் திகதி, கதவடியில், பிள்ளைப் பூட்ஸ். நானே வைத்திருக்கிறேன். அந்த மனுசி வேறு என்ன நினைப்பா.

ஆனாலும் முறைப்பாடு செய்தது யார்? அது இன்னும் இருக்கிறது. ஒரு தோடம்பழம் அதைக் கழுவாது.

9.12, வெள்ளி

பின்னேரம் மூன்று மணி. வாசல் மணி அடித்தது. ஜோ. உணவகத்தில், கோப்பை கழுவுகிற வேலை. கதவுத் துளைக்குள்ளால் பார்த்தேன். எ.வீ. கையில் என் துண்டு.

திறக்காமல் நிற்கலாம் என்று நினைத்தேன். பிறகு திறந்தேன்.

உங்களை நாய் என்று யார் சொன்னது என்று கேட்டா. நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், சப்பாத்து, எங்கள் ஊர், சாப்பாடு, கூடாது, தெரியாது, மன்னிப்பு என்று சொற்களாகக் கொட்டினேன். விளங்கியது போலத் தலையாட்டினா. போவா என்று பார்த்தால் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தான்தான் நிர்வாகத்துக்கு எழுதியது என்றா.

கார்த்திகையில் ஜோ.வின் சப்பாத்தில் தடக்கிக் கைபிடிச் சுவரில் மோதியிருக்கிறா. இடுப்பு எலும்பு ஏற்கெனவே ஒருமுறை முறிந்தது. ஏன் நேரே வந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பயமாயிருந்தது," என்றா.

ஆரைப் பார்த்துப் பயம்? எங்களைப் பார்த்து. படியில் ஆம்பிளைகள் விளங்காத மொழியில் கதைத்தால் கதவை இரண்டு தரம் பூட்டுவாவாம். நான் துளைக்குள்ளால் பார்க்கிற நேரத்தில் அவவும் அந்தப் பக்கத்துத் துளைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

ஆக, நான் நினைத்தது சரி. முதல்தரம் நூற்றுக்கு நூறு சரி. ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு அவ முகம் மாறியது. சின்னப் பூட்ஸைக் கண்டதும் இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று சந்தோசப்பட்டாவாம். பிள்ளை எங்கே, நித்திரையா, பள்ளிக்கூடமா என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிள்ளைக்காக இரங்கி முறைப்பாட்டை விடுவா. உண்மையைச் சொன்னால், இல்லாத பிள்ளையின் பூட்ஸைக் காட்டி ஏமாற்றினோம் என்று நினைப்பா, எழுதவும் எழுதுவா. டெர்மினுக்கு ஆறு நாள். பொய் நாக்கு நுனியில் நின்றது.

இல்லை என்றேன். இன்னும் வரவில்லை. கொழும்பில், ஏழு வயது, பிரிந்து மூன்று வருடம், 15ஆம் திகதிக்கு முன் உறுதிக் கடிதம் வேண்டும்.

அவ திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. பூட்டு ஒரு தரம்தான் கேட்டது.

சுவாமி எனக்குக் கொடுத்த வேலையை அவதான் செய்திருக்கிறா. என் கதவைத் தட்டிவிட்டா. எனக்கு அவவுடைய கதவைத் தட்டத் தைரியம் இல்லை.

11.12, ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சு இயந்திரம். காலை பத்தரையிலிருந்து டக் டக். நிற்கும். யோசிக்கிறா. திரும்ப டக் டக்.

ஜோ.விடம் சொன்னேன், எங்கள் கதை முடிந்தது, இரண்டாவது முறைப்பாடு அடிபடுகிறது, பிள்ளை இல்லாமல் பிள்ளைக்கு வீடு கேட்கிறார்கள் என்று. அவர் செபமாலையை வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னதற்கு ஆண்டவர் கைவிடமாட்டார் என்றார். எனக்குக் கோபம் ஏறியது. ஆண்டவர் கைவிடமாட்டார், நிர்வாகம் கைவிடும், பிறகு ஆண்டவரிடம் போய் உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கோ என்று கத்தினேன். அவர் சோறு போட்டுச் சாப்பிட்டார். கறி போடவில்லை. கோபத்தில் அவர் வெறுஞ்சோறுதான் தின்பார்.

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

12.12, திங்கள்

ஜோ. படியில் நின்று அழுகிறார். கையில் தட்டச்சுக் கடிதம். எ.வீ. பிரதி கொடுத்திருக்கிறா.

நிர்வாகத்துக்கு. முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன். சப்பாத்து விஷயத்தை அயலவர்கள் நாங்களே பேசி முடித்துவிட்டோம். இவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள், வர வேண்டும். உறுதிக் கடிதத்தை 15ஆம் திகதிக்கு முன் கொடுங்கள். கீழே கையொப்பம்: ஹெட்விக் லிண்ட்னர்.

நான் அகராதியோடு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பொறி எங்கேயாவது இருக்கும். பிறகு வேலைக்குக் கொண்டுபோய் அய்செலிடம் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, பொறி இல்லை, ஒரு இடத்தில் எழுத்துப் பிழை மட்டும் இருக்கிறது என்றாள்.

14.12, புதன்

உறுதிக் கடிதம் கையில். ஃபிறவ் லிண்ட்னர் (ஃபிறவ் என்றால் திருமதி) ட்ராமில் நிர்வாகத்துக்கே போய் வாங்கி வந்திருக்கிறா. இந்த இடுப்போடு. கொண்டுவந்து தந்துவிட்டு, டிலானியின் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டா. மூன்று தரம் சொல்லிப் பார்த்தா. 'லா' நீண்டுபோய்விடுகிறது.

தங்கச்சியின் கடிதமும் வந்தது. முத்திரைத் திகதி பழையது, வழியில் பிந்தியிருக்கிறது. ஒட்டு பிரிக்கப்படவில்லை. நன்றாகப் பார்த்தேன்.

15.12, வியாழன்

காலை. தரை முழுக்கக் கண்ணாடி ஐஸ். ஜோ. கழுத்துப்பட்டி கட்டினார். கதவைப் பூட்டும்போது எதிர்க்கதவு திறந்தது. தொப்பி, கையுறை, தடி. தானும் வருகிறாவாம். ஒருவரும் கேட்கவில்லை.

தமிழில் ஜோ.விடம் சொன்னேன், "ஏனப்பா இவ வாறா? அங்கை போய் ஏதும் சொல்லப்போறாவோ?"

"வரட்டும்," என்றார்.

கந்தோர் நடையில் காத்திருப்பு, ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிஷம். வாங்குப் பலகையில் மூன்று பேரும். ஃபிறவ் லி. கைப்பையிலிருந்து இனிப்பு எடுத்து நீட்டினா. வாங்கி வாயில் போட்டேன். பெப்பர்மின்ட்.

அதிகாரி சின்னப் பெடியன், தலை நிமிரவே இல்லை. ஒவ்வொரு கடதாசியாகப் புரட்டினான். உறுதிக் கடிதத்தில் நின்றான். நாற்பத்தெட்டுச் சதுர மீற்றர், மூன்று பேருக்குக் கொஞ்சம் காணாது என்றான். அப்போதுதான் நிமிர்ந்து, இந்த அம்மா யார் என்று கேட்டான்.

அயலவள் என்றா.

அயலவர் வரத் தேவையில்லை என்றான். தெரியும் என்றா. பிறகு சொன்னா, தன் வீட்டில் ஒரு அறை பதினொரு வருடமாகச் சும்மா கிடக்கிறது, பிள்ளைக்கு இடம் காணாவிட்டால் அங்கே படுக்கட்டும், இதையும் எழுதிக்கொள். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றான். அப்படியென்றால் ஓரத்தில் எழுது என்றா.

எழுதினான். பென்சிலால்தான். ஆனாலும் எழுதினான், நான் பார்த்தேன்.

முடிவு சொல்லவில்லை. எங்கள் கடதாசிக் கோவை கொழும்புத் தூதரகத்துக்குப் போகிறது. தை மாதம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றும் உறுதி சொல்ல முடியாது.

வெளியே பதினாலு படி, எல்லாம் ஐஸ். ஃபிறவ் லி. என்னைப் பார்க்காமலே கையை நீட்டினா. பிடித்துக்கொண்டேன். தடித்த கோட்டுக்குள் கை மெலிந்த சுள்ளி. ஒவ்வொரு படியாக இறங்கினோம். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினா.

"தை மாதம் திரும்ப வருவம்," என்றா. "நானும் வாறன்."

நம்பினேன். திகதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே, நம்பவில்லை என்று சொல்லுவேன்.