எங்கள் குடும்பத்து முனி

உலு திராம்,
14 ஜனவரி 2024

அன்புச் செல்லம் லோஷினிக்கு,

மாமா வீரமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். மெல்பர்னில் நீயும் நலமாக இருக்க முனீஸ்வரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார்.

போனில் கேட்டதற்குப் பதிலைக் கையால் எழுதி அனுப்பச் சொன்னாய். ஏன், மாமா குரல் கசக்கிறதா? போகட்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவன படிக்க வச்சா மந்திரி ஆவான்" என்று சொல்லி அழுதார். அவர் அழுததைப் பார்த்துத் தலைமையாசிரியரும் அழுதார்.

மூளைக்குச் சோதனை செய்துகொள் என்கிறாய். எனக்கா? செனாயில் எந்த ஃபேக்டரி வாசலிலும் கேட்டுப் பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் பஸ்ஸைக் கோடு தாண்டாமல் நிறுத்துகிறவன். என் பஸ்ஸில் ஃபேக்டரி வேலைக்குப் போய்வரும் நேபாளத்துப் பிள்ளைகள் என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். விமானம் ஓட்டவே கூப்பிட்டார்கள், அத்தைதான் விடவில்லை.

உன் தாத்தா அய்யாவுக்கு வந்தது நோயே இல்லை, தாயி. அது முனி. நான் கண்ணால் பார்த்தவன். தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வருஷக்கணக்காகியும், சாயங்காலமானால் வெட்டுக்கத்தியோடு கிளம்பிவிடுவார். செம்பனைக்கு நடுவில் நின்று, இல்லாத ரப்பர் மரத்தைப் பாலுக்கு வெட்டுவார். கத்தி காற்றில் போய்ப் போய் வரும். "பால் வரலியேடா" என்பார். ஒருநாள் ஆளையே காணோம். தோட்டமே திரண்டு தேடினோம். மூவார் பட்டணத்திலிருந்து பூசாரி வந்து கருஞ்சேவல் அறுத்தும் முனி இறங்கவில்லை.

பிறகு அது உன் அம்மாவிடம் வந்தது. அக்கா தன் கல்யாணப் படத்தையே என்னிடம் காட்டி, "இந்தப் பொண்ணு யாருடா, பாவம், தனியா நிக்குது" என்று கேட்டாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தக் குரல் இன்னும் சமையலறைப் பக்கம் நிற்கிறது. என்னிடம் வரட்டும், நான் போடுகிற சத்தத்தில் முனியே ஊரை விட்டு ஓடிவிடும்.

உன் மாமா,
கேப்டன் வீரமுத்து


மெல்பர்ன்,
6 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து இன்ஸ்பெக்டருக்காக நானும் அழுதேன்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் அத்தை. "நேத்து என்ன சாப்பிட்டீங்க மாமா?" என்று கேட்கிறேன். நீங்கள் இருமுகிறீர்கள். பக்கத்திலிருந்து மெல்ல "மீன் கறி" என்று ஒரு குரல். உடனே நீங்கள், "மீன் கறி! திமிங்கிலம் மாதிரி மீன்லா!" என்கிறீர்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

முனி இல்லை, மாமா. இது ரத்தத்தில் வரும் மறதி நோய். தாத்தாவுக்கு நாற்பத்தேழில் தொடங்கியது, அம்மாவுக்கு நாற்பத்தெட்டில். உங்களுக்கு இப்போது நாற்பத்தொன்பது. பாதிக்குப் பாதி, வந்தும் இருக்கலாம், வராமலும் போகலாம். வீட்டில் யார் கண்ணுக்கும் படாத சின்ன மாற்றத்தைக்கூட இப்போது சோதனையில் முன்கூட்டியே பார்க்கிறார்கள். குணப்படுத்த முடியாதுதான், ஆனால் முன்னால் தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. தினமும் உங்கள் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சோதனைக்குப் போகவே மாட்டீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். தாத்தா காணாமல் போன கதையை மறுபடி எழுதி அனுப்புங்கள். டாக்டர் சொன்னதில்லை, நானே கண்டுபிடித்த சோதனை. நீங்கள் சொல்லும் கதை ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றுப் பெருக்கும். பெருக்காமல் வந்தால்தான் நான் பயப்பட வேண்டும்.

அன்புடன்,
லோஷினி


உலு திராம்,
17 மார்ச் 2024

அன்புச் செல்லம் லோஷினிக்கு,

கேள். தாத்தாவைக் காணோம் என்றதும் முதலில் கிளம்பியவன் நான்தான். தோட்டத்து மேனேஜர் குதிரையில் வந்தார். போலீஸ் வந்தது. பட்டாளமும் வந்தது. உள்ளே போனால், ஒரு புலி! தாத்தா அதன் எதிரில் நின்று, "தள்ளிப் போடா, மரம் வெட்டணும்" என்கிறார். புலி அவர் முகத்தைப் பார்த்தது. உள்ளே இருந்த முனியைப் பார்த்திருக்க வேண்டும், வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மேனேஜர் குதிரையிலிருந்து இறங்கி என் தோளைத் தட்டினார். இது போதுமா உன் சோதனைக்கு?

இன்னொன்றும் கேள். போன வாரம் வேலை முடிந்து பிள்ளைகளைச் செனாயிலிருந்து இங்கே உலு திராம் ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன். பாவம், மலைநாட்டுப் பிள்ளைகள், கடலைப் பார்த்ததில்லையே என்று நேரே பெர்மாஸ் ஜெயா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எல்லாம் கைதட்டுகிறதுகள். எந்த டிரைவர் செய்வான் இப்படி?

உன் மாமா,
வீரமுத்து


மெல்பர்ன்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

புலி வந்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். குதிரை, பட்டாளம் எல்லாம் வந்துவிட்டதே! எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். கடல் காட்டிய கதையும் உங்களுக்கே உரியது. என் மாமா மாறவே இல்லை. ஆஸ்பத்திரிப் பேச்சை இனி எடுக்க மாட்டேன், கோபம் வேண்டாம்.

அன்புடன்,
லோஷினி


உலு திராம்,
5 மே 2024

லோஷினி,

நீ நன்றாகத் தூங்கினாய் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

புலி கிடையாது. அது உனக்கே தெரியும். பெர்மாஸ் ஜெயாவுக்கு நான் கடல் காட்டப் போகவில்லை. அது உனக்குத் தெரியாது.

உலு திராம் சந்திப்பில் திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. நேரே போய்க்கொண்டே இருந்தேன். பெர்மாஸ் ஜெயாவில் விளக்கு சிவப்பானது. நிறுத்தினேன். பச்சையானது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கடைப் பெயர்களைப் படிக்க முடிகிறது, ஆனால் இது எந்த ஊர் என்று தெரியவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இல்லை. முன் சீட்டிலிருந்த நேபாளப் பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இடப்பக்கம் கையைக் காட்டி, மலாயில் "அங்கிள், கிரி" என்றாள். அடுத்த முனையிலும் காட்டினாள். ஹாஸ்டல் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தாள். அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவளுக்கு அது பழக்கமாகியிருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். சிரித்தபடி இறங்கிப் போனாள். வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதையே கேட்டேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ வைத்த சோதனை தப்பு, தாயி. எனக்கு எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே ஒரு கதையை வைத்து அடைத்துவிடுகிறேன். வேண்டுமென்று செய்வதில்லை. வாயில் தானாக வருகிறது. எழுதி முடிக்கும்போது பிள்ளைகள் கைதட்டியது என் காதில் கேட்டது.

அப்பாவை இப்போது அடிக்கடி மனக்கண்ணில் பார்க்கிறேன். முனி என்று சொல்லி மூன்று பேர் பிடித்துக்கொண்டு, சேவல் ரத்தத்தை அவர் தலையில் ஊற்றினார்கள். அவர் நடுங்கினார். முனி நடுங்குது பார் என்றோம். அங்கே முனி யாரும் இல்லை. தெரிந்த இடத்தில் வழி தெரியாமல் நின்ற ஒரு மனிதர்தான் இருந்தார். நான் அன்று போட்ட சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டேன், அத்தையும் வருகிறாள். ரத்தம், படம், கேள்வி, எது கேட்டாலும் கொடுப்பேன். பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். நேற்று டெப்போவுக்குப் போய் பஸ் சாவியை மேற்பார்வையாளன் மனோகரனிடம் கொடுத்தேன். என்ன நடந்ததென்று ஒன்று விடாமல் சொன்னேன். பெர்மாஸ் ஜெயா, அந்தப் பெண், அப்பா, அக்கா, எல்லாம். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அலமாக், அடிச்சு விடாதீங்கண்ணே! லீவு வேணும்னா நேரா கேளுங்க" என்று சாவியை என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டான். நாளை திங்கட்கிழமை காலை வண்டியை நான்தான் எடுக்க வேண்டுமாம்.

அவன் நம்பரைத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். கடிதம் வர நாளாகும் என்பதால் இந்தத் தாளைப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன் அத்தையிடம். பார்த்ததும் அவனைக் கூப்பிடு. மாமா சொன்னது உண்மை என்று சொல். நான் சொன்னால் இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை.

உன் மாமா