போர்வையைத் தொடாதீர்கள்

என்னங்க, உள்ளே வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். கார் மேல் கிடக்கும் போர்வையைத் தொடாதீர்கள்.

முடிவெட்டப் போகும்போது, "பாலிஷ் போட்டு மேல மெழுகும் பூசியாச்சு, காஞ்சதும் துணியால துடைச்சிடு"ன்னு சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? அது காய்வதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் தம்பியும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். காது சும்மா இருக்குமா? எட்டிப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு ஏணிக்காக அண்ணன் தம்பிக்குள் இனி பேச்சுவார்த்தை இல்லையாம், தெருவே சிரிக்கிறது.

திரும்பி வந்தால், வெயிலில் மெழுகு இறுகி பானெட் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. பதற்றத்தில் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துத் தொலைத்தேன். இப்போது வெள்ளையோடு கீறலும் சேர்ந்துகொண்டது.

அவரிடம் இரவல் வாங்கிய இந்த வண்டியில் ஒரு கோடு விழுந்ததற்கே உங்கள் அண்ணன் இத்தனை மாதமாக உங்களோடு பேசவில்லை. இன்றைக்கு வண்டியை எடுத்துப்போக வருகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயிண்ட் கடைக்காரரைக் கெஞ்சிக் கூட்டி வரப் போகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி என்னிடம், தேடாதீர்கள். அண்ணன் முந்திக்கொண்டு வந்தால் ஜன்னல் பக்கம் உட்கார விடாதீர்கள்.

விட்டுப்போச்சு: அவர் பார்த்துவிட்டால், தேய்த்தது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். உங்களோடு பேசாமல் அவர் வருஷக்கணக்கில் இருப்பார். என்னோடு முடியாது. தையல்காரர் வீட்டில் என்ன சண்டை என்று என்னிடம் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.