எண்ணெய் போக நாற்பது நிமிடம்

ஜார்ஜ்டவுன்,
24.1.1995

லண்டனில் உருளைக்கிழங்கு தின்றே மெலிந்துபோன கொழுந்தனார் பரமநாதனுக்கு அண்ணி ருக்குமணி எழுதுவது. எழுத்துப் பிழை பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாலாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதுவதே பெரிசு. போனில் நான் அழுத அழுகையில் பாதிப் பேச்சு கேட்டிருக்காது. அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணனுக்கு முதலில் வந்த வாதம் சின்னதுதான். வாய் கொஞ்சம் கோணியது, அவ்வளவுதான். மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகவில்லை என்று கேலிகூடச் செய்தேன். மூளை நரம்பில் அடைப்பு எங்கே என்று பார்க்க, தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். அதில் காற்றுக் குமிழி ஒன்று தலைக்கு ஏறிவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இப்படி ஆகுமாம். நாலு நம்பர் லாட்டரியில் ஒரு நாளும் அடிக்காத மனுஷனுக்கு இதில் அடித்திருக்கிறது. படுத்த மேசையிலேயே பேச்சு நின்று, வலது பக்கம் விழுந்துவிட்டது.

குமிழியைக் கரைக்க லுமுட்டில் கடற்படைக்காரர்களிடம் ஓர் இரும்பு அறை இருக்கிறது. முக்குளிக்கிற ஆட்களுக்காக வைத்தது. உள்ளே படுக்கவைத்து, கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரி அழுத்தம் கொடுத்து ஆக்சிஜன் விடுவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போனால் நல்லது என்றார் டாக்டர் இஸ்மாயில். ஆம்புலன்ஸ் கடல் பாலம் தாண்டிப் பறந்தது. நான் சும்மா இருந்தேனா? தலை கொதிக்கிறதே என்று, பையில் இருந்த தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன்.

குமிழி ஏறியதிலிருந்து கணக்குப் பார்த்தால், போய்ச் சேர அஞ்சே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே நர்ஸாக இருக்கிற மிஸி ரோஹானா அவர் தலையைத் தொட்டுவிட்டுக் கையை மோந்து பார்த்தாள். எண்ணெயோடு உள்ளே விட்டால் ஆக்சிஜனில் தீப்பிடிக்கும் என்றாள். மூன்று தடவை சவுக்காரம் போட்டுக் கழுவினார்கள். உங்கள் அண்ணன் முடிதான் தெரியுமே, கரடி மாதிரி. நாற்பது நிமிடம் போனது.

நாலு தடவை உள்ளே போய் வந்தார். உயிருக்குப் பயமில்லை. கண் என் பின்னாலேயே வருகிறது. ஆனால் பேச்சு இல்லை, வலது கையும் இல்லை. இனி அந்த அறையால் பிரயோசனம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் வைத்த எண்ணெயால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். அதையெல்லாம் நினைக்க வேண்டாம் என்று பேனாவைப் பார்த்துச் சொன்னார். இங்கே யாரும் என்னிடம் உண்மை சொல்லமாட்டார்கள் லா.

தம்பி, அங்கே பெரிய டாக்டர் யாரையாவது கேளுங்கள். அந்த நாற்பது நிமிடம் வீணாகாமல் இருந்தால் பேசியிருப்பாரா? பேசியிருக்க மாட்டார் என்றால் உடனே எழுதுங்கள். ஆமாம் என்றால் அதைத் தொடவே வேண்டாம், பனி எப்படிப் பெய்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். நடுவில் நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளைகளோடு நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

அண்ணி
ருக்குமணி