வாக்களிக்கப்பட்ட நிலத்தில் ஒரு வீடு

ஜூலை 9, புதன்
ரோவிலில் குளிர்காலக் காலை, நாலு டிகிரி. மழை. வாங்க: பால், இறால், இருமல் மருந்து.
சனிக்கிழமை செபக் கூட்டத்தில் பேச என் முறை. தலைப்பு, கூட்டத்தை நடத்தும் ஜெயம் அங்கிள் தந்தது: எசேக்கியேல் 37, இஸ்ரயேலர் நாடு திரும்புதல்.
"இறைவாக்கு எங்கட காலத்தில அப்பிடியே பலிச்சிட்டுது. அதைச் சொன்னாலே காணும், பிள்ளை."
இரண்டு பக்கம் எழுதினேன். சுலபமாக வந்தது.

ஜூலை 10, வியாழன்
வேலை, மல்கிரேவ் முதியோர் இல்லம். ரூத்துக்குத் தலை வாரினேன். 88 வயது, யூதப் பெண். போலந்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலில் இஸ்ரயேல் நாட்டுக்குப் போனவர். இறைவாக்கு நிறைவேறியதாகத் தோன்றியதா என்று கேட்டேன்.
சிரித்தார். "எங்களை வேறு யாரும் ஏற்கவில்லை. அம்மா கரையிறங்கி மண்ணை முத்தமிட்டாள். அதுவும் உண்மை."
பிறகு: "அங்கே எங்களுக்குத் தந்த வீட்டில் அலமாரி நிறையக் கோப்பைகள். விட்டுப்போன ஓர் அரபுக் குடும்பத்தினுடையவை. அம்மா கழுவி அடுக்கினாள். ஒருநாளும் அவற்றில் குடிக்கவில்லை."
வாரிய இடத்தையே மறுபடி வாரினேன்.
மாலை. எழுதியதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போர்க் காலத்தில் மன்னாரில் முஸ்லிம் குடும்பங்கள் விரட்டப்பட்ட பிறகு, எங்கள் வீடு ஷெல் விழுந்து இடிந்துபோக, அவர்களில் ஒருவரின் வீட்டில்தான் இருந்தோம். ஒன்றரை வருடம். எனக்குப் பதினொரு வயது. சுவரில் அந்த வீட்டுப் பிள்ளையின் உயரக் கோடுகள். பக்கத்தில் என் உயரத்தையும் கீறினேன்.

ஜூலை 12, சனி
எழுதியதைப் படிக்கவில்லை. ரூத்தின் தாயைச் சொன்னேன், பிறகு எங்களை.
"திரும்பி வாற சனத்துக்கு ஒரு வாக்கு இருக்கு. வெளிக்கிட்டுப் போன சனத்துக்கும் இருக்க வேணும்தானே?"
அங்கிளின் முகம் சிவந்தது. "வேதத்துக்க அரசியலைக் கொண்டு வராதை, பிள்ளை."
அவர் மனைவி ராணி அன்ரி மட்டும் கேட்டார்: "அந்த வீட்டுச் சனம் பிறகு திரும்பி வந்தவையோ?"
தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் விசாரித்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். பூசை முடிந்து, மன்னாரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன். அந்த வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன்.
"ஏன் இப்ப அது?" என்றார். பிறகு அவரே: "ஹனீபா ஆக்கள். தகப்பன் அகதியாப் போன புத்தளத்திலயே காலமாயிட்டார். மகள் திரும்பி வந்து அந்த வீட்டிலதான் இருக்கிறா."
மகளின் நம்பரை அனுப்பினார். இரண்டு தரம் தேநீர் போட்டேன். துணி மடித்தேன். பிறகு அழைத்தேன்.
பெண் குரல். "ஆரு?"
என் பெயர் அவவுக்கு எதையும் சொல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது.
"உங்கட வீட்டில இருந்தனான்," என்றேன்.