தீதி உடைத்த பூட்டு

தீதி,

இன்று காலை மெட்ரோ ஸ்டேஷன் படியில் இறங்கும்போது ஃபினாயில் வாடை அடித்தது. மழை ஈரத்தோடு கலந்த அந்த நெடியில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பையன் "ஆண்ட்டிஜி, ஜல்தி" என்று சலித்துக்கொண்டே தாண்டிப் போனான். இந்தத் தூண்கள் நிற்கிற இடத்தில்தான் மதராசிகளின் குடிசைகள் இருந்தன, நீங்கள் கட்டிய கழிப்பறை இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க', 'தண்ணி' இரண்டும்தான். ஆனாலும் மனசில் இருப்பதை எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

எல்லாரும் தீதி, அக்கா என்று கூப்பிட, நீங்கள் தில்லியில் எம்.எல்.ஏ. ஆன புதிது. நாலா என்கிற பெரிய சாக்கடையின் கரையில் குடிசை போட்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவது உங்கள் ஆபீசில் யாருக்கும் புரியவில்லை. எதிர் ஃப்ளாட்டில் டைப்பிங் தெரிந்த தமிழ்க்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நீங்களே மாடியேறி வந்து மணி அடித்தீர்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சராக இருந்த மிடுக்கு அப்போதும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றுதான் சொன்னீர்கள்: "வருகிறவர்களிடம் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லாதே. முடியாது என்றால் முடியாது என்று சொல்லி அனுப்பு."

கஸ்தூரி வந்தது அதற்கப்புறம். எங்கள் ஃப்ளாட்டுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், திண்டிவனத்துப் பக்கம். நாற்காலியில் உட்காரச் சொன்னீர்கள், உட்காரவில்லை. "எங்களுக்கு ரோடு வாணாம்மா, லைட்டு வாணாம். பொம்பளைங்க ஒதுங்க ஒரு எடம் கட்டித் தரச் சொல்லு. இருட்டுல நாலா ஓரம் போயிப் போயி உசுரே போவுது." நான் ஹிந்தியில் சொன்னேன். அவள் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள், பிரிவினையில் லாகூரிலிருந்து வந்து அகதிக் கூடாரத்தில் இருந்தபோது, உங்கள் அம்மா ஒதுங்கப் போனால் ஐந்து வயசுக்காரி நீங்கள்தான் காவலுக்கு நிற்பீர்களாம்.

ஆபீஸ் ஆபீஸாக ஏறினீர்கள். நிலம் ஒரு இலாகாவுக்கு, நாலா இன்னொன்றுக்கு, தண்ணீர் வேறொன்றுக்கு. எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, உங்கள் தொகுதி நிதியில் கட்டிடம் எழும்பியது. திறப்பதற்கு முன் எங்கள் ஃப்ளாட் சொசைட்டிக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். சுவருக்குப் பக்கத்தில் நாற்றம் வருமாம், ஃப்ளாட் விலை போகாதாம். புதுசாக வெள்ளையடித்த கட்டிடத்தில் பூட்டுத் தொங்கியது. என் வீட்டுக்காரர், "லிஃப்டில் ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை, அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்றார். நான் விடவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கஸ்தூரியின் மருமகள் செல்வி போனாள். நிறைமாசம். விடியுமுன் கரைக்குப் போனவள் சேற்றில் வழுக்கி நாலாவுக்குள் விழுந்துவிட்டாள். நாம் போனபோது ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கஸ்தூரி அழவில்லை. கட்டிடத்தைக் காட்டி, "அந்தப் பூட்டு யாருதும்மா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். "வேண்டாம், புரிந்தது" என்று கையைக் காட்டிவிட்டு நேரே நடந்தீர்கள். கீழே கிடந்த செங்கல்லை எடுத்தீர்கள். முதல் அடியில் கல்தான் உடைந்தது. கான்ஸ்டபிள் ஓடிவந்து, "மேடம், கோர்ட் ஆர்டர் இருக்கிறது" என்றான். "என் பெயரை எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தீர்கள். பூட்டுத் தெறித்தபோது உங்கள் உள்ளங்கையில் ரத்தம்.

எல்லாருக்கும் நினைவிருப்பது அதுதான். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பிந்தைய நாள். மன்னிப்புக் கேட்காவிட்டால் மறுபடி சீல் வைப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். கோர்ட்டில் முன்வரிசையில் சொசைட்டிக்காரர்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க, கட்டுப் போட்ட கையைக் குவித்து மன்னிப்புக் கேட்டீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும் என்றார் நீதிபதி. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், "வீடு வரைக்கும் ஒன்றும் பேசாதே" என்றீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அடுத்த தேர்தலில் ஃப்ளாட்டுகள் மொத்தமாக உங்களைக் கவிழ்த்தன. அதற்குப் பிறகு நாலாக் கரைக் குடிசைகளை இடித்தார்கள். புல்டோசர் வந்த அன்று தகவல் கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். "தாங்கள் இப்போது எம்.எல்.ஏ. இல்லையே, மேடம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார் அந்த அதிகாரி. முதலில் குடிசைகள். கடைசியில் கழிப்பறை. கஸ்தூரியின் டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் நீங்கள் பிடிக்க, இன்னொரு பக்கம் நான் பிடித்து லாரியில் ஏற்றினோம்.

ஊருக்கு வெளியே, உங்கள் பழைய தொகுதியிலும் சேராத, பஸ் கூட ஒழுங்காகப் போகாத வெட்டவெளியில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் போனீர்கள். ரேஷன் கார்டு மாற்ற, குழாய் போட்டுத் தரச் சொல்ல, முழங்கால் வலியோடு பஸ் மாறி மாறிப் போனீர்கள். பாதி வேலை நடக்கவில்லை. நடக்காததை நடக்காது என்றே அவர்களிடம் சொன்னீர்கள். பிறகு உடம்பு படுக்கையில் தள்ளிவிட்டது. பழைய கட்சி ஆட்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. நீங்களும் யாரையும் கேட்கவில்லை.

நிகம்போத் சுடுகாட்டில் உங்களை எரித்த அன்று கட்சியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, கொண்டுவந்தவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. கஸ்தூரி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்க நின்றாள். "மொகத்தைக் கூடப் பாக்கலையே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவங்களுக்குப் போட எங்க கையில ஓட்டே இல்லாதப்பவும் வந்தாங்கம்மா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் இன்னமும் அதே ஃப்ளாட்டில்தான் இருக்கிறேன். சொசைட்டிக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். போன மாதம், வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எட்டு மாடி, தீதி. எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் செயலாளர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. தூக்கினேன். திரும்பிப் பார்த்தேன், வேறு கை இல்லை. "சரி மேடம், இறக்குங்கள்" என்றார். "முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.