அக்கா பேருக்கு ஒரு தந்தி

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
18.8.1976

என் அன்பான அத்தானுக்கு,

ஜீவமணி எழுதுவது. கர்த்தர் இரக்கத்தால் நம் கிருபைக்குக் காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு வந்துவிட்டோம். அதை முதலில் எழுதிவிட்டேன்; இனி நீங்கள் மெதுவாக வாசிக்கலாம்.

கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது நீங்கள் கோபமாகப் போட்ட கடிதம் கிடைத்தது. என் முதல் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே எழுதினேன், பாதி விஷயம் விட்டுப்போயிற்று. இப்போது முழுவதையும் கேளுங்கள், பிறகு கோபப்படுங்கள்.

பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று அழுதாள், காலை ஊன்றவே இல்லை. முந்தின நாள் சுவரிலிருந்து குதித்திருந்ததால் சுளுக்கு என்றே நினைத்தோம். இரட்டைப் பிள்ளை பெற்றவர் உருவினால் சுளுக்கு விட்டுவிடும் என்று துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட உங்கள் பிளாரன்ஸ் அக்காவைத் தேடி வருகிறார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் பண்ணின போதகர் ஐயாவே, கழுத்துப் பிடித்துக்கொண்டதும் பின்வாசல் வழியாக வந்தவர்தானே. அக்கா ஜெபம் பண்ணி, எண்ணெய் தொட்டு முழங்காலை உருவினார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டது நான். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. அப்புறம் உடம்பு அனலாகக் கொதிக்கவும் பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தேவபிரசாதம் டாக்டர் முழங்காலை அழுத்தினார், பிள்ளை சும்மா பார்த்தாள். தொடையை லேசாகத் திருப்பினார், வீறிட்டாள். இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தாலும் சின்னப் பிள்ளைகள் முழங்காலைத்தான் காட்டும் என்றார். மூட்டுக்குள் ஊசியை விட்டு உறிஞ்சினார். மஞ்சளாகக் கலங்கி வந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து மூட்டைக் கழுவினார்கள். பிறகு நாள் தவறாமல் ஊசி. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

போன மாதம் அவள் தொடையில் வேனல்கட்டி உடைந்ததே, அந்தக் கிருமி இரத்தத்தோடு போய் மூட்டில் தங்கியிருக்கலாமாம். உருவியதால் வந்த நோய் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நாங்கள் பிந்தி வந்தது பிந்தியதுதான், கால் வளர வளரத்தான் குறை உண்டா என்று தெரியும் என்றும் சொன்னார். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காலை மெள்ள மடக்கி நீட்டிவிடச் சொல்லி டாக்டர் காட்டிக்கொடுத்தார். இல்லையென்றால் மூட்டு இறுகிவிடுமாம். உங்கள் மகள் என்னைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள். அத்தைதான் வேண்டுமாம். அத்தையோ கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "என் கை ஆகாதுளா, நீயே பாரு" என்று ஒதுங்குகிறார்கள். சுளுக்கென்று வருகிறவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, அத்தான்.

உங்கள் கடிதம் வந்ததும் அக்கா எப்போதும்போல் என்னை வாசிக்கச் சொன்னார்கள். "அக்கா கை என் பிள்ளைமேல் படக்கூடாது" என்ற வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். முடித்ததும், "தம்பி எனக்கு ஒண்ணும் எழுதலியாளா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

மாமி இறந்தபோது நீங்கள் கைப்பிள்ளை. அப்போது கல்யாணமாகாதிருந்த அக்காதான் உங்களை இடுப்பிலேயே வைத்து வளர்த்தார்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

கடலில் கர்த்தர் உங்களைக் காப்பாராக. கப்பல் அடுத்த துறையைச் சேர்ந்ததும் ஒரு தந்தி அடியுங்கள். தபால் என்றால் நாளாகும், மூட்டு அதுவரை காத்திருக்காது. என் பேருக்கு வேண்டாம், அக்கா பேருக்கே அடியுங்கள். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் வேண்டாம். பிள்ளை காலை நீதான் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருக்கட்டும். அதை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள்
ஜீவமணி